போர்ச்சுகலில் ஓய்வுக்காலம்: இருவரில் ஒருவர் மிஞ்சும் நாளின் கணக்கு

பிரித்தானியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, நானும் கணவரும் 2022-இல் போர்ச்சுகலின் தென்கோடியான அல்கார்வ் பகுதிக்குக் குடிவந்து, தவீரா என்னும் சிறு நகரத்தில் வாழ்ந்து வருகிறோம். இங்கே வாழ்க்கை எப்படி, செலவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று கேட்டு வாரத்துக்கு இரண்டு செய்தியாவது எனக்கு வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய தம்பதியர். அவர்கள் கேட்பவை எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை: எங்கள் இருவரில் ஒருவர் போய்விட்டால், மிஞ்சுகிறவர் அந்த ஊரில் எப்படி இருப்பார்? அந்தக் கேள்விக்கு இருவரும் உட்கார்ந்து விடை எழுதாமல் யாரும் ஓய்வுக்காலத்துக்கென்று நாடு மாறக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதை நான் பட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் எல்லோரும் கேட்பதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிரெக்சிட்டுக்குப் பின், 2021 ஜனவரி முதல், பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியாள்தான். போர்ச்சுகலும் சேர்ந்த, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் விசா இல்லாமல் 90 நாள்களே தங்கலாம். ஓய்வூதியத்தில் வாழ விரும்புகிறவர்கள் போர்ச்சுகலின் டி7 என்னும் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அதற்கு விண்ணப்பிப்பவரின் வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பள அளவுக்காவது இருக்க வேண்டும்; 2025-இல் அது மாதம் 870 யூரோ. துணைக்கு அதில் பாதி சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதால் தம்பதியர்க்கு 1,305 யூரோ. முதல் வசிப்புரிமம் இரண்டு ஆண்டுகளுக்கு, புதுப்பித்தால் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு.

வரியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரை இங்கே இழுத்து வந்ததே அதுதான். 2009-இல் போர்ச்சுகல் கொண்டுவந்த சிறப்பு வரித் திட்டத்தின் கீழ், வெளிநாட்டு ஓய்வூதியம் பெறுகிறவர்கள் பத்து ஆண்டுகளுக்கு அதன்மேல் இங்கே வரியே கட்டாமல் இருக்க முடிந்தது. தங்கள் நாட்டு ஓய்வூதியர்கள் இங்கேயும் கட்டாமல் அங்கேயும் கட்டாமல் இருப்பதைப் பார்த்துப் பொறுக்காத ஃபின்லாந்தும் ஸ்வீடனும், போர்ச்சுகலோடு செய்துகொண்டிருந்த வரி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டன. 2020 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு 10 சதவீத வரி வந்தது. 2024 தொடக்கத்தில் திட்டமே புதியவர்களுக்கு மூடப்பட்டது. அதன் இடத்தில் வந்த புதிய சலுகை ஆராய்ச்சி போன்ற சில துறைகளில் வேலை செய்பவர்களுக்கானது, ஓய்வூதியர்களுக்கு அதில் இடமில்லை. நாங்கள் 10 சதவீத வரிசையில் உள்ளே வந்தவர்கள். எங்கள் சலுகை 2031-உடன் முடியும். அப்போது எனக்கு 75 வயது, அவருக்கு 79. வரிக்காக ஊர் மாறுகிறவர்கள் தங்கள் வயதை அந்தச் சலுகை முடியும் ஆண்டில் வைத்துப் பார்ப்பதில்லை. விமானம் ஏறுகிற ஆண்டில் வைத்தே பார்க்கிறார்கள்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு ஓராண்டு முன்னதாக இங்கே வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அக்காவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. அவருடைய கணவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர். வீட்டுப் பத்திரம், மின்கட்டணம், காப்பீடு, வரி, கார் எல்லாமே அவர் கையில் இருந்தன. ஒரு பிப்ரவரி மாதம், நோய் நொடி என்று எதுவும் காட்டாமல், மாரடைப்பில் போய்விட்டார். மூன்றாம் வாரம் அக்காவோடு நான் வங்கிக்குப் போனேன். வரிசை எண் சீட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். மடியில் அவர் கணவருடைய நீலநிறக் கோப்பு இருந்தது. எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் ஊழியர் வரி அடையாள எண்ணைக் கேட்டார், ‘நிஃப்’ என்று இங்கே சொல்வார்கள், அது இல்லாமல் போர்ச்சுகலில் ஒரு தொலைபேசி ஒப்பந்தம்கூடப் போட முடியாது. அக்கா கோப்பைத் திறந்து ஒரு எண்ணைப் படித்தார். அது இறந்தவருடைய எண். உங்களுடையதைச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டபோது, அக்கா என் பக்கம் திரும்பி, “எனக்கென்று தனியாக ஒரு எண் இருக்கிறதா அம்மா?” என்றார். இருந்தது. கோப்பின் கடைசி உறையில், ஒருமுறைகூடப் பிரிக்காத தாளாக இருந்தது.

அந்த வங்கி ஊழியரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவர் இறந்த செய்தி வந்ததும் கணக்கில் அவருடைய பங்கை முடக்கிவைப்பது வங்கியின் கடமை. வாரிசுகள் யார் யார் என்று உறுதிசெய்த ஆவணம் வந்த பிறகே அது விடுபடும். இறந்த மாதத்தை அடுத்த மூன்றாம் மாத முடிவுக்குள் வரி அலுவலகத்தில் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மரபுரிமை மீதான 10 சதவீத முத்திரைத் தீர்வை கிடையாது என்றாலும், பட்டியல் கொடுக்கும் பொறுப்பு போய்விடாது. அடக்கத்துக்கோ தகனத்துக்கோ இருபத்துநான்கு மணி நேரம் கழிய வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பின் எல்லாம் இரண்டு மூன்று நாள்களில் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் பாதி முடிவுகளை அந்த அக்காவே, மொழி தெரியாமல், தலையை ஆட்டியே எடுத்திருந்தார்.

வருமானக் கணக்கும் இதே இடத்தில்தான் உடைகிறது. பிரித்தானியாவின் முழுமையான புதிய அரசு ஓய்வூதியம் 2025-26-இல் வாரத்துக்கு 230.25 பவுண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசித்தால் அது ஆண்டுதோறும் உயர்கிறது. கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. இது போர்ச்சுகலின் பெரிய நன்மை என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் 2016 ஏப்ரலுக்குப் பின் வந்த இந்த ஓய்வூதியத்தில் பெரும்பகுதி, வாங்குகிறவரோடு முடிந்துவிடுவது. நிறுவன ஓய்வூதியமும் பெரும்பாலும் பாதிதான் துணைக்கு வரும். இரண்டு பேருடைய வருமானத்தில் வசதியாக இருந்த வீடு, ஒருவருடைய வருமானத்தில் அதே வாடகையையும் அதே மின்கட்டணத்தையும் கேட்கும். “ஐரோப்பாவிலேயே மலிவான நாடு” என்று காணொளிகளில் பேசுகிறவர்கள் இரண்டு தட்டு வைத்த மேசையைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

உயில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மரபுரிமை விதிப்படி, டென்மார்க், அயர்லாந்து நீங்கலான நாடுகளில், ஒருவர் வழக்கமாக எங்கே வசித்தாரோ அந்த நாட்டின் சட்டமே அவருடைய சொத்துக்குப் பொருந்தும். போர்ச்சுகல் சட்டத்தில் துணையும் பிள்ளைகளும் இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதை நாம் விரும்பியபடி எழுத முடியாது. முழுவதும் மனைவிக்கே என்று நினைத்திருந்தவர் உயில் எழுதாமல் போனால், வீட்டில் பிள்ளைகளும் பங்குதாரர் ஆவார்கள். அவர்களுடைய கையெழுத்து இல்லாமல் அந்த மனைவியால் வீட்டை விற்க முடியாது. நம் குடியுரிமை எந்த நாட்டினதோ அந்த நாட்டின் சட்டமே பொருந்தட்டும் என்று உயிலில் ஒரு வரி எழுதிவைக்க அதே விதி இடம் தருகிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் இருவரும் ஒரு முழுக் காலையை நோட்டரி அலுவலகத்தில் கழித்தோம்.

வீட்டுக்கு வருவோம். இங்கே வருகிறவர்கள் கடலைப் பார்த்து வீடு எடுக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தேடினோம். உப்பளங்களுக்கு மேல் பூநாரைகள் இறங்குகிற காட்சியை மாடியிலிருந்து பார்த்ததும் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. அந்த வீட்டுக்கு இரண்டு மாடி ஏற வேண்டும், மின்தூக்கி கிடையாது. நல்லவேளையாக அது வேறொருவருக்குப் போய்விட்டது. போர்ச்சுகலின் நடைபாதைகள் கையால் பதித்த சிறு சுண்ணாம்புக் கற்களால் ஆனவை. பார்க்க அழகு, ஆனால் பலகாலம் கால் பட்டுத் தேய்ந்த கல்மேல் மழைத்தூறல் விழுந்துவிட்டால் கண்ணாடிமேல் நடப்பதுபோல் இருக்கும். அறுபது வயதில் அது ஓர் அனுபவம், எண்பது வயதில் இடுப்பெலும்பு முறிவு. குளிர்காலம் இன்னொன்று. பெரும்பாலான வீடுகளில் மைய வெப்பமூட்டும் வசதி இல்லாததால், வெளியே வெயில் காய்கிற ஜனவரி நண்பகலில் எங்கள் படுக்கையறையில் வெப்பமானி 14 டிகிரி காட்டுகிறது. அலமாரியின் பின்பக்கச் சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்கிறது. வீடு வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் யாரும் ஜனவரியில் வீடு பார்க்க வருவதில்லை.

கார் ஓட்டுவது இருவரில் யார் என்பதும் சாதாரணக் கேள்வியல்ல. எழுபது வயதுக்குப் பின் இங்கே ஓட்டுநர் உரிமத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மருத்துவச் சான்றோடு, புதுப்பிக்க வேண்டும். தவீராவில் சுகாதார மையம் இருக்கிறது, ஆனால் பெரிய மருத்துவமனை ஃபாரோவில்தான். நல்ல உடம்போடு இருக்கிறவர்களுக்கு ரயில் போதும், 65 வயதானவர்களுக்குப் பாதிக் கட்டணம். அந்த அக்காவின் வீடு ஊருக்கு வெளியே, ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே இருந்தது. கார் வாசலில் நின்றது. ஓட்டத்தான் ஆள் இல்லை.

மருத்துவத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1979-இல் தொடங்கிய பொதுச் சுகாதாரச் சேவையில், சட்டப்படி வசிக்கும் எவரும் பதிவுசெய்து பயனாளர் எண் பெறலாம். பிரித்தானிய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் எஸ்1 படிவத்தைக் கொண்டுவந்தால் அந்தச் செலவைப் பிரித்தானியாவே ஏற்கும், பிரெக்சிட்டுக்குப் பின் வந்தவர்களுக்கும் இது உண்டு. குடும்ப மருத்துவர் ஒதுக்கப்படாமல் காத்திருப்பவர்கள் பல லட்சம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மருத்துவர் கிடைத்த பிறகும் ஒரு சுவர் நிற்கிறது. அது மொழி.

இதில் தமிழர்களுக்கு ஒரு வேடிக்கையான மயக்கம் உண்டாகிறது. சாவி, சன்னல், மேசை, அலமாரி, துவாலை எல்லாம் போர்த்துகீசியர் நமக்குத் தந்துவிட்டுப் போன சொற்கள் என்பதால், வந்த முதல் வாரத்தில் வீட்டுச் சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே நமக்குத் தெரிந்த பெயரில் அழைக்கப்படுவது கேட்டு எனக்கு ஒரே குதூகலம். இந்த மொழி எனக்கு எளிதில் வந்துவிடும் என்று நினைத்தேன். பிறகு சுகாதார மையத்தில், இடப்பக்கத் தோளிலிருந்து முழங்கை வரை ஊசி குத்துவதுபோல் வந்து போகிறது என்று சொல்ல முயன்றபோது, சன்னலும் சாவியும் எனக்கு உதவவில்லை. ‘தோய்’ என்றால் வலிக்கிறது. எங்கே, எப்படி, எப்போதிலிருந்து என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. அல்கார்வில் ஆங்கிலம் போதும் என்பது உணவகத்துக்குப் பொருந்தும், வீடு விற்கும் முகவரிடமும் பொருந்தும். இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்சில் வருகிறவரிடம் அது அவருடைய பள்ளிப் படிப்பைப் பொறுத்தது.

இதற்கெல்லாம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும்: “ஒருவர் போய்விட்டால் மற்றவர் பிள்ளைகளிடம் திரும்பிப் போய்விடலாமே.” போகலாம்தான். ஆனால் பலர் அங்கிருந்த வீட்டை விற்ற பணத்தில்தான் இங்கே வாழ்கிறார்கள். அதே தெருவில் அதே விலைக்கு இன்னொரு வீடு காத்திருக்காது. பிள்ளைகளின் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதா என்று அவர்களிடம் இன்றே கேட்டுப் பாருங்கள், அன்போடு வரும் பதிலையும் அதற்கு முன் வரும் மௌனத்தையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா திரும்பிப் போகவில்லை. வீட்டை விற்க ஓராண்டுக்கு மேலாயிற்று; அதன்பின் ஊருக்குள், சுகாதார மையத்துக்கு ஐந்து நிமிட நடையில் ஒரு தரைத்தள வீட்டுக்கு வந்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் நகராட்சி நூலகத்தில் மொழி வகுப்புக்குப் போகிறார். கணவர் இருந்தபோதே இங்கே வந்திருக்கலாம் என்று ஒருநாள் சொன்னார், புகாராக அல்ல.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மின்சாரம், தண்ணீர், இணையம் எது யார் பெயரில் இருக்கிறது, எந்தக் கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டுப்புத்தகத்தில் தமிழில் எழுதிவைத்தோம். அவர் செய்துவந்த வேலைகளை நானும் என் வேலைகளை அவருமாக மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறோம். சென்ற வாரம் அவர் தனியாகச் சுகாதார மையத்துக்குப் போனார். இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை உச்சரிக்க வராமல் காலி அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார். பரவாயில்லை, மருந்துச் சீட்டோடு திரும்பி வந்தார். வரும் செவ்வாய்க்கிழமை நான் காரை எடுத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமல், ஃபாரோ மருத்துவமனையின் வாசல் வரை ஓட்டிப் பார்க்கப்போகிறேன்.