அது ரோடோடென்ட்ரான் இல்லை, செண்டுடோக்

சிங்கப்பூரின் மெக்ரிட்சி, புக்கிட் தீமா காட்டு நடைபாதைகளில் எடுத்த ஊதாப்பூப் படத்துடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: "இது ரோடோடென்ட்ரான். வெளிநாட்டு விஷச்செடி, கண்டால் பிடுங்கிப் போடுங்கள்."

தவறு. தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

படத்தில் இருப்பது மெலஸ்டோமா மலபாத்ரிகம். மலாய் மொழியில் செண்டுடோக். இது சிங்கப்பூரில் இயற்கையாகவே வளரும் உள்நாட்டுச் செடி. ஆங்கிலத்தில் 'சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான்' என்று பேச்சுவழக்கில் சொல்வதால் வந்த குழப்பம் இது. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்கள்.

இலையைப் பார்த்தாலே போதும். காம்பருகே தொடங்கி நுனிவரை வளைந்தோடும் நரம்புகள், பெரும்பாலும் மூன்று, தெளிவாகத் தெரியும். ரோடோடென்ட்ரான் இலையில் நடுநரம்பு ஒன்றுதான் ஓங்கியிருக்கும். பூவிலோ இருவகை மகரந்தத்தாள்கள்: மஞ்சளில் குட்டையாகச் சில, ஊதாவில் நீண்டு வளைந்தவை சில. மகரந்தம் நுனித்துளை வழியாகத்தான் உதிரும். தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து உலுக்கும்போது கொட்டுகிறது. காலையில் அரைமணி நேரம் நின்றால் இதைக் கண்ணாரக் காணலாம், நம் ஊர்க் காட்டில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அது.

பழமும் விஷமன்று. வெடித்த பழத்தின் கருஞ்சதை நாக்கைக் கறையாக்கும். மெலஸ்டோமா என்றால் கிரேக்கத்தில் 'கருவாய்'. பூங்கொத்திப் பறவைகளுக்கு அது உணவு.

உண்மையில் வெளியிலிருந்து வந்தது இதன் உறவான கிளிடேமியா: அமெரிக்க வெப்பமண்டலச் செடி, சிறிய வெள்ளைப் பூ, உடலெங்கும் முடி. அதையும் நீங்களாகப் பிடுங்க வேண்டாம். இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியின்றிச் செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம்.