லத்தீனோக்களின் ஆங்கிலச் சேனல்களை மூடியது யார்?

அமெரிக்காவில் வாழும் லத்தீனோக்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின், தொலைக்காட்சி என்றால் யூனிவிஷன், டெலிமுண்டோ என்ற இரண்டு ஸ்பானிஷ் சேனல்களோடு பேச்சு முடிந்துவிடும். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே லத்தீனோக்கள் சுமார் 6.2 கோடிப் பேர். பெரும்பாலானோர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள். பள்ளியில் ஆங்கிலம், வேலையில் ஆங்கிலம், அண்ணன் தம்பி சண்டையும் ஆங்கிலத்தில்தான். அவர்களும் இரவானால் ஸ்பானிஷ் நெடுந்தொடர் பார்த்துக் கண்ணீர் விட வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

இந்த ஓட்டையைக் கண்டுகொண்டவர் நகைச்சுவைக் கலைஞர் ஜெஃப் வால்டெஸ். அவர் முன்னின்று தொடங்கிய சி டிவி 2004இல் ஒளிபரப்புக்கு வந்தது. பேச்சு ஆங்கிலம், ஆட்கள் லத்தீனோக்கள். 2011இல் அது நூவோ டிவி ஆனது. ஜெனிஃபர் லோபஸும் பங்குதாரராக வந்து சேர்ந்தார். 2014இல் ஃபியூஸ் என்ற இசைச் சேனலை விலைக்கு வாங்கினார்கள். மறு ஆண்டே நூவோ மறைந்து ஃபியூஸ் நின்றது. வாங்கியவர் பெயர் போய், வாங்கப்பட்டவர் பெயர் நிலைத்த வேடிக்கை இது.

யோசனை சரி. சரக்கில்தான் எனக்குக் குறை. லத்தீனோ அழகிகளுக்கான மாடலிங் போட்டி, லத்தீனோ என்றால் யார் என்று விளக்கும் நகைச்சுவைப் பேச்சு என்று, பார்ப்பவருக்கு அவரையே அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தால் எத்தனை நாள் உட்கார்ந்து பார்ப்பார்?

இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் 2013 இறுதியில் தொடங்கிய எல் ரே இந்தத் தவறைச் செய்யவில்லை. பழைய குங்ஃபூ படங்கள், பேய்ப் படங்கள், நடுவில் 'லூச்சா அண்டர்கிரவுண்ட்' என்ற மல்யுத்தத் தொடர். லாஸ் ஏஞ்சல்ஸின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஒரு பழைய கிடங்குதான் களம். முகமூடி அணிந்த பென்டகன் ஜூனியர் எதிராளியின் கையை முறித்துத் தன் குருவுக்குக் காணிக்கை ஆக்குவான். அவன் பேசுவது ஸ்பானிஷ், கீழே ஓடுவது ஆங்கில வரி. வர்ணனை முழுக்க ஆங்கிலம். யாரும் யாருக்கும் பண்பாட்டுப் பாடம் எடுக்கவில்லை. இந்த மக்களுக்கென்று வந்த ஆங்கிலச் சேனல்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

அதுவும் 2020 கடைசியோடு கேபிளில் இருந்து போய்விட்டது. டிஸ்னியும் யூனிவிஷனும் சேர்ந்து தொடங்கிய ஃபியூஷன் என்ற ஆங்கிலச் சேனலும் அடுத்த ஆண்டு மூடப்பட்டது. பார்க்க ஆளில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கேபிள் தொழிலில் சாவி பார்வையாளர் கையில் இல்லை. ஒரு சந்தாதாரருக்கு மாதம் இத்தனை சென்ட் என்று கேபிள் நிறுவனம் தரும் காசில்தான் சேனல் ஓடும். எல் ரேவுக்கு இடம் கிடைத்ததே எப்படி? 2011இல் என்பிசி யூனிவர்சல் என்ற ஊடகக் குழுமத்தை வாங்க அனுமதி பெற்றபோது காம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் நிறுவனம், சிறுபான்மையினரின் சேனல்களுக்கு இடம் தருவதாக அரசிடம் வாக்குக் கொடுத்திருந்தது. அதே காம்காஸ்ட் 2018 முடிவில் ஃபியூஸைத் தன் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. 2019 ஏப்ரலில் ஃபியூஸ் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஜனங்கள் கேபிளைத் துண்டித்துவிட்டு நெட்ஃபிளிக்ஸுக்கு நகர்ந்த காலத்தில் பெரிய குழுமச் சேனல்கள் கொத்தாகப் பேரம் பேசித் தப்பித்துக்கொண்டன. தனியாக நின்ற சின்னச் சேனலுக்காகப் பேச ஆளில்லை.

டெக்சஸ், கலிஃபோர்னியா பக்கம் இருக்கும் நண்பர்கள் எல் ரேவைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். உங்கள் லத்தீனோ அண்டை வீட்டாரும் பார்த்தார்களா என்று கேட்டும் சொல்லுங்கள்.