சீக்கோ கடிகாரத்தின் டயல் எண் பொருந்தவில்லை என்றால் போலியா?

"டயலின் அடியில் உள்ள எண்ணும் பின்மூடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் டயலை மாற்றியிருக்கிறார்கள், வாங்காதீர்கள்" என்று மேலே நண்பர் எழுதியிருக்கிறார். பழைய சீக்கோ வாங்குபவர்கள் இதை நம்பினால் நல்ல கடிகாரத்தைக் கைநழுவ விடுவார்கள். நானே ஒருமுறை அப்படி விட்டிருக்கிறேன், இன்றும் வயிறு எரிகிறது.

1970களின் முக்குளிப்போர் கடிகாரமான 6105-8110-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியில் 6105-8110 என்றிருக்கும். அசல் டயலிலோ ஆறு மணிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, எறும்புக்கால் அளவு எழுத்தில் 6105-8119T என்றிருக்கும். தொழிற்சாலையிலேயே அப்படித்தான். 6139 வகையிலும் பின்மூடியில் 6005, டயலில் 6009T என்று வரும். ஒத்துப்போக வேண்டியது முதல் நான்கு இலக்கங்கள். அவை உள்ளிருக்கும் இயந்திரத்தின் எண். இயந்திரத்திலும் அதே எண் பொறித்திருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கும் விற்பனையாளரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

பின்மூடி வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது இலக்கம் மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். 6105-8110 மாடலில் 2-ஐ அடுத்து என் இருந்தால் 1972 நவம்பர்.

எண் சரியாக இருப்பதும் சான்றாகாது. புதிதாக அச்சடித்த டயலிலும் அதே எண்ணைப் போடுகிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்தின் ஓரம் மை கசிந்ததுபோல் தெரிகிறதா, டயலின் ஒளிப்பூச்சு வெள்ளையாகவும் முட்களில் பழுப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.