மாமியின் முழங்காலும் 6 லட்சம் பேரும்

ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. உம்ராவுக்கு, துபாய்க்கு, கொழும்புக்கு, கோலாலம்பூருக்கு என்று அனுப்பியவர்களுக்கும் வரவழைத்தவர்களுக்கும் கணக்கில்லை. முன்பெல்லாம் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவரிடம் "வேலைக்கா, சொந்தக்காரர்களைப் பார்க்கவா?" என்று கேட்டால் போதும். இப்போது மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "வைத்தியத்துக்கா?"

நேற்று நண்பர் ஒருவர் பெருமையோடு ஒரு படத்தைப் பகிர்ந்திருந்தார். மருத்துவச் சுற்றுலாவில் இந்தியா எப்படி வளர்கிறது என்று மேல்நோக்கிப் போகும் அம்புக்குறியோடு. சுற்றுலா என்ற சொல்லை இதற்கு வைத்தவர் யாரென்று தெரியவில்லை. எலும்பை அறுத்து உலோகம் பொருத்திக்கொண்டு, வாக்கரைப் பிடித்தபடி விமான நிலையத்தில் நிற்கிறவரைச் சுற்றுலாப் பயணி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது போகட்டும். அம்புக்குறியைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

2014-ல் மருத்துவத்துக்காக இந்தியா வந்த வெளிநாட்டவர் 1.84 லட்சம் பேர். 2019-ல் அது ஏறக்குறைய 7 லட்சம். கொரோனா வந்த 2020-ல் மறுபடியும் 1.8 லட்சத்துக்குச் சரிந்து, 2023-ல் 6.3 லட்சத்தைத் தாண்டியது. அரசாங்கக் கணக்கு இது, பொய்யில்லை. ஆனால் இந்தக் கணக்கு எண்ணுவது நோயாளிகளை அல்ல, கடவுச்சீட்டுகளை.

என் காக்கா, அதாவது அண்ணன், ஷார்ஜாவில் இருக்கிறார். விடுமுறையில் வந்தால் முதல் வாரம் முழுக்கப் பல் மருத்துவரிடம்தான். வேர் சிகிச்சை, பல்லுக்கு உறை போடுவது, அப்படியே ஒரு முழு உடல் பரிசோதனை, கண்ணாடி மாற்றுவது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் கல்யாண வீடுகளும் விருந்தும். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று இந்தக் கரையில் எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்கள். வளைகுடாவில் ஒரு பல்லுக்கு ஆகும் செலவில் இங்கே வாயையே சரிசெய்துகொண்டு போகலாம். இவர்கள் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. எனவே எந்த மருத்துவச் சுற்றுலாக் கணக்கிலும் வரமாட்டார்கள். சாதாரண விசாவில் உறவினர் வீட்டுக்கு வந்து, வந்த இடத்தில் கண்புரையை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் வரமாட்டார்கள்.

எண்ணிக்கையில் வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், 2023-ல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வங்கதேசத்தவர். வேலூருக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் மருந்துக் கடைகளிலும் வங்காள எழுத்தில் பலகை இருக்கிறது. மேற்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்களும் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர்களும் அந்த ஊரின் பாதிப் பிழைப்பு. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. இந்தியா விசாக்களை இறுக்கியது. அவ்வளவுதான், கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் படுக்கைகள் காலியாகின. 2025 மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் ஒரு குழு சீனாவின் குன்மிங் நகருக்குப் போய் இறங்கியது. வருடக்கணக்காக வளர்த்த நம்பிக்கை என்று நாம் நினைத்திருந்தது ஒரு விசா கவுண்டரின் ஷட்டர் அளவு உயரம்தான்.

ஏன் வருகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒருவருக்கு ஊரில் செலவு தாங்காது, ஒருவருக்கு ஊரில் வரிசை நீளம், ஒருவருக்கு ஊரில் அந்தச் சிகிச்சையே இல்லை. இந்தோனேசியர்கள் மலேசியாவின் பினாங்குக்குப் போவதும், அமெரிக்கர்கள் பல்லைக் கட்ட மெக்சிகோ எல்லையைத் தாண்டுவதும் இதே காரணங்களால்தான். 1997-ல் தாய்லாந்தின் பணம் சரிந்தபோது, உள்ளூர் நோயாளிகளை இழந்த பாங்காக்கின் பெரிய மருத்துவமனைகள் வெளிநாட்டவரைத் தேட ஆரம்பித்தன. இங்கே விலை குறைவாக இருப்பதற்கு வெறும் கூலிக் குறைவு மட்டும் காரணமல்ல. ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம், இதய மருத்துவர் சோம ராஜுவோடு சேர்ந்து தொண்ணூறுகளில், அடைபட்ட இதயக் குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் ஒன்றை மலிவாக உருவாக்கினார். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்சவரம்பு வைத்தது: மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. பிறகு "உலகத் தரம், இந்திய விலை" என்று விளம்பரம் செய்யும்போது அந்த இந்திய விலை எப்படி வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

இனி மாமியின் கதை.

வாப்பாவின், அதாவது அப்பாவின், தங்கை. எழுபதுகளில் கொழும்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். கீழக்கரைக்கும் கொழும்புக்கும் சங்கு, மாணிக்கக்கல் காலத்திலிருந்து இருக்கும் உறவைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் முழங்காலுக்கு வந்து சேரமாட்டேன். மாமிக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இலங்கையில் அரசு மருத்துவம் இலவசம், நல்ல மருத்துவமும்கூட. ஆனால் 2022-ல் நாடே நொடித்து, மருந்தில்லாமல் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்ட வருடத்தில் மாமி வரிசையில் மாட்டிக்கொண்டார். தனியாரிடம் போகலாம் என்றால், ரூபாய் விழுந்த வீழ்ச்சியில் சேமிப்பு பாதியாகியிருந்தது. மாமியின் மகன், என் மச்சான், எனக்கு அழைத்தான். "உம்மாவை அங்கேயே கூட்டிவரட்டுமா மச்சான்?"

கூட்டி வந்தோம். கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். மதுரையிலிருந்து கீழக்கரைக்கு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவரை எங்கள் வீட்டில் தங்கவைக்க, வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் படிவம் சி நிரப்பினேன். "நான் வெளிநாட்டுக்காரியா மகன்?" என்று கேட்டு மாமி சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மருத்துவமனையின் பெயரும் ஊரும் வேண்டாம். வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி மேசை, கழுத்துப் பட்டி அணிந்த ஒருங்கிணைப்பாளர், பழரசம். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது, அந்த மருத்துவரின் கையை இன்றும் வாழ்த்துகிறேன். பேக்கேஜ் என்று சொன்ன தொகைக்கும் கடைசி பில்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றிப் புலம்பப் போவதில்லை. அது எல்லோருக்கும் நடப்பது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் எங்களோடு இருந்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரைகளோடு மாமி கொழும்பு திரும்பினார். அரசாங்கத்தின் அம்புக்குறியில் இந்தப் புள்ளியோடு மாமி முடிந்துவிட்டார்.

ஐந்தாம் மாதம் முழங்கால் வீங்கியது. கொழும்பில் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: உள்ளே வைத்திருப்பது எந்தக் கம்பெனியின் மூட்டு, என்ன அளவு? மாமியின் கையில் இருந்த தாளில் "வலது முழங்கால் மாற்றப்பட்டது" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. செயற்கை மூட்டின் பெட்டியோடு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும், அதை நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள், ஒரு பிரதியை நோயாளிக்கும் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். ஒருங்கிணைப்பாளரின் எண்ணுக்கு அழைத்தேன். அவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் நோயாளி நேரில் வர வேண்டும் என்றார். நேரில் வருவதற்குக் கடல் தாண்ட வேண்டும் அம்மா என்றேன். மூன்று முறை பஸ் ஏறிப் போய், மச்சான் அனுப்பிய சம்மதக் கடிதத்தைக் காட்டி, மூன்றாவது முறைதான் அந்த ஸ்டிக்கரைக் கைப்பேசியில் படம் எடுக்க விட்டார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2002-லிருந்தே மருத்துவர்களுக்கான நடத்தை விதியில் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னது எங்கள் தெரு மருந்துக் கடைத் தம்பி.

நல்லவேளையாக வீக்கம் கிருமித் தொற்றல்ல. பயிற்சியைப் பாதியில் விட்டதால் வந்த வினை. கொழும்பில் யாரிடம் பயிற்சி எடுக்க வேண்டும், எத்தனை நாள் என்று இங்கிருந்து யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. மாமி ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து என் கடைக் கணக்கில் ஒரு தொகை வந்து விழுந்தது. சேவைக் கட்டணம் என்று குறிப்பு. அழைத்துக் கேட்டால், "நீங்கள்தானே நோயாளியை அனுப்பினீர்கள் சார்?" மாமியின் பில்லிலிருந்து எனக்குப் பங்கு! மருத்துவர் ஒருவருக்கொருவர் கமிஷன் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்று அதே 2002 விதியில் இருக்கிறது, ஆனால் டிக்கெட் கடைக்காரனுக்கு எந்த விதியும் இல்லை. பணத்தை அப்படியே மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. ஒரு நோயாளியைக் கொண்டுவருகிறவனுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, போன நோயாளிக்கு ஆறாவது வாரத்தில் ஒரு முறை போன் செய்ய ஆள் இல்லை. வளர்ச்சி என்று நாம் காட்டும் கோட்டின் இரகசியம் இங்கேதான் என்பது என் எண்ணம்.

மண்டபம் முகாமைக் கடந்து ராமேஸ்வரம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஆட்களை, கப்பலேற்றுவதற்கு முன் அங்கேதான் நிறுத்திவைத்தார்கள். இந்திய மண்ணில் சிலோன் அரசாங்கம் நடத்திய முகாம் அது. குளிக்கவைத்து, அம்மை ஊசி குத்தி, நோய் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் இந்த நீரிணையைத் தாண்ட நோயில்லை என்று நிரூபிக்க வேண்டும். இன்று மருத்துவ விசா வேண்டுமென்றால் நோய் இருக்கிறது என்று மருத்துவமனைக் கடிதம் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: அந்த முகாமில் ஒவ்வொரு தலைக்கும் பதிவேடு இருந்தது. கூலியாளின் உடம்பின் மேல் தோட்டத் துரைக்கு இருந்த அக்கறைகூட, பணம் கட்டிய நோயாளியின் உடம்பின் மேல் நமக்கு இல்லையா என்று தோன்றும்.

ஏர்வாடி எங்களுக்குப் பக்கத்து ஊர். குணமாக வேண்டும் என்று இந்தக் கரைக்கு மக்கள் வந்த பயணங்களில் மிகப் பழையது அந்தத் தர்காவுக்கு வந்ததுதான். மனம் கலங்கியவர்களைக் கேரளத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் அழைத்து வருவார்கள். சிலர் கூடவே தங்குவார்கள். சிலர் அங்கிருந்த விடுதிகளில் பணத்தைக் கட்டி விட்டுவிட்டுப் போவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு விடுதியின் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதிகளை மூடினார்கள், அரசு மனநல மருத்துவர்கள் வந்தார்கள். அன்றைக்கு வாப்பா சொன்னது: கொண்டுவந்து விட்டவர்களின் விலாசம்கூடப் பலருக்கு இல்லையாம். பளிங்குத் தரை போட்ட மருத்துவமனையையும் அந்தக் கொட்டகையையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான், தெரிந்தே எழுதுகிறேன்.

"உனக்கு இதில் வருமானம் இருக்கிறதே" என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். இருக்கிறது. வைத்தியத்துக்கு ஆட்கள் வருவது நின்றால் என் கடைக்கும் நட்டம்தான். "முதலில் உள்ளூர்க்காரனைப் பாருங்கள்" என்பவர்களுக்கும் மறுப்பில்லை. 2022-ல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும், அவசரம் என்றால் மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஓடுவது நிற்கவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். வெளிநாட்டு நோயாளி என்று தனி மேசை போட்டு நடத்தும் மருத்துவமனை, அவரை அனுப்பும்போது உடம்புக்குள் என்ன வைத்தோம் என்ற ஸ்டிக்கரையும், ஊரில் யாரிடம் தொடர வேண்டும் என்ற கடிதத்தையும் கையில் கொடுக்கட்டும். ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் ஒரு வருடம் முடிந்ததும் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதி வைக்கட்டும். வருகிறவர் எண்ணிக்கையை வெளியிடும் அரசு இதையும் கேட்டு வெளியிடட்டும். தொலைபேசியில் ஆலோசனை சொல்லத் தடையாக இருக்கிறது என்கிறார்கள். 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல் இந்திய எல்லைக்கு வெளியே இருப்பவருக்குப் பொருந்தாது என்பது உண்மைதான். அப்படியென்றால் அதைத் திருத்துங்கள். துருக்கியில் மலிவாக இரைப்பையைச் சுருக்கிக்கொண்டு ஊர் திரும்பிய பிரிட்டன்காரர்களின் சிக்கலை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் கொதிக்கிறார்கள். கொழும்பு மருத்துவர் அப்படிக் கொதிக்கவில்லை, மாமியைப் பார்த்துக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா?

என் கடையில் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வைத்தியத்துக்கு வந்துபோனவரின் பெயர், என்ன செய்தார்கள், என்றைக்குத் திரும்பினார். மாதம் ஒரு முறை உட்கார்ந்து அழைத்துக் கேட்கிறேன். பாதிப் பேர் டிக்கெட் விற்கத்தான் அழைக்கிறேன் என்று நினைத்து எடுப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை மாமியே அழைத்தார். வலது கால் நன்றாக இருக்கிறதாம், மாடி ஏறுகிறாராம், தொழுகை மட்டும் நாற்காலியில். "அது கிடக்கட்டும் மகன், இடது முழங்காலும் இப்போது வலிக்கிறது. எவ்வளவு ஆகும் என்று விசாரித்து வை." விமானத்துக்கு விலை பார்த்து வைத்துவிட்டேன். மருத்துவமனையைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.