நூல் சந்தாவும் ஓட்டுரிமையும்

அண்ணே, காந்தி காலத்தில் நூல் நூற்றுக் கொடுத்தவர்களுக்குத்தான் ஓட்டு, நம்ம மதுரைக் கிராமத்துப் பெண்கள் ராட்டை சுற்றியே ஓட்டுரிமை வாங்கினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இரண்டு தனித்தனி விஷயம் கலந்துவிட்டது.

நூல் கேட்டது காங்கிரஸ் கட்சி. 1924 டிசம்பரில் காந்தி தலைமையில் பெல்காமில் கூடிய மாநாட்டில், உறுப்பினர் சந்தாவாக மாதம் 2,000 கஜம் நூல் என்று முடிவானது. நூற்க முடியாதவர் பிறர் நூற்றதைத் தரலாம். ராட்டையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: பஞ்சுப் பட்டையை இழுக்கிற கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் நூல் அறுந்துவிடும், நுனியைத் தேடிப் பிடித்து ஒட்டித்தான் மறுபடி கதிரில், அதாவது நூல் சுற்றுகிற கம்பியில், ஏற்ற வேண்டும். 2,000 கஜம் கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர். அந்த விதி ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில், நாலணா கொடுத்தாலும் போதும் என்று தளர்த்திவிட்டார்கள்.

தேர்தல் ஓட்டு வேறு. பிரிட்டிஷ் ஆட்சியின் 1919 இந்திய அரசுச் சட்டப்படி பெரும்பாலும் சொத்தும் வரியும்தான் தகுதி. மெட்ராஸ் மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கும் அதே நிபந்தனையில் கிடைத்தது. உசிலம்பட்டிப் பக்கம் கூலிக்குப் பருத்தி எடுத்த பெண் எத்தனை சிட்டம் (நூல் கட்டு) நூற்றிருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியிருக்காது. அந்தப் பெண்களை வெளியே நிறுத்தியது நிலமில்லாமைதான், அதை மறைக்கிற மாதிரி எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அரசியல் சட்டம் வந்த பிறகு, 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு என்று ஆகி, 1951-52 தேர்தலில்தான் அவர்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

1921 செப்டம்பரில் காந்தி மதுரையில் அரையாடைக்கு மாறியது உண்மை. அதையும் ஓட்டுரிமையையும் முடிச்சுப் போடாதீர்கள். அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள், நிறையப் பேர் பகிர்கிறார்கள்.