‘கஷ்டப்பட்டார்’ என்று எழுதாதீர்கள், எத்தனை கலோரி என்று எழுதுங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கனடாவுக்குக் கப்பலேறிய ஜெர்மானியர்களைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. போரில் கஷ்டப்பட்டார், ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினார், உழைத்தார், வீடு கட்டினார். அப்புறம் பேரப்பிள்ளைகளின் பட்டியல். தட்டில் மிச்சம் வைத்தால் கோபம் வரும், கயிற்றுத் துண்டைக்கூடத் தூக்கிப் போட மாட்டார் என்பதையெல்லாம் ‘ஜெர்மன் சிக்கனம்’ என்று சிரித்துக்கொண்டே எழுதிவிடுகிறார்கள். இது சோம்பேறி எழுத்து. அந்தக் கயிற்றுத் துண்டுக்குப் பின்னால் கிராம் கணக்கில் ஒரு குடும்ப வரலாறு இருக்கிறது.

முதலில் பேரன்மாருக்குப் பிடிக்காத ஒரு விஷயம். ஜெர்மனியில் ரேஷன் 1939 ஆகஸ்ட் கடைசியில், போர் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போதே வந்துவிட்டது. ஆனாலும் 1944 வரை சாதாரண ஜெர்மன் நகரவாசி பட்டினி கிடக்கவில்லை. போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தானியத்தையும் இறைச்சியையும் பறித்து வந்தார்கள். பட்டினியை அந்த ஊர்க்காரர்கள் அனுபவித்தார்கள். கொள்ளை நின்ற பிறகுதான் பசி ஜெர்மன் வீடுகளுக்குள் நுழைந்தது. தாத்தாவின் பசியை எழுதுகிறவர் இதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதினால் தாத்தாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. 1936இல் பிறந்தவருக்கு 1945இல் ஒன்பது வயது.

இனி கணக்குக்கு வருவோம். போரில் தோற்ற ஜெர்மனியை வென்ற நாடுகள் மண்டலங்களாகப் பிரித்து ஆண்டன. 1946 தொடக்கத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் மண்டலங்களில் சாதாரண ஆளுக்கு நாளொன்றுக்கு 1,550 கலோரி என்று வைத்திருந்தார்கள். மார்ச் மாதத்தில் பிரிட்டிஷ் மண்டலத்தில் அது ஏறக்குறைய ஆயிரத்துக்கு இறங்கியது. அட்டை நான்கு வாரத்துக்கு ஒன்று. கடைக்காரர் கூப்பனைக் கத்தரித்து எடுத்துக்கொள்வார். கூப்பன் இருந்தால் சரக்கு உண்டு என்று அர்த்தமில்லை. வந்திருந்தால் வாங்கலாம், அவ்வளவுதான். கடின உழைப்பாளிக்குக் கூடுதல், வேலையில்லாதவருக்குக் குறைவு. 1945இல் பெர்லினில் ஐந்து வகை அட்டை இருந்தது. குடும்பத் தலைவிகளைக் கடைசி வகையில் தள்ளியிருந்தார்கள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வரிசையில் நிற்கிறவள் ‘வேலை செய்யாதவள்’! மக்கள் அதற்குச் ‘சுடுகாட்டு அட்டை’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அம்மா தன் பங்கைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள் என்று எல்லாக் குடும்பத்திலும் சொல்வார்கள். எந்தப் பங்கு அது என்று கேட்டால்தான் உறைக்கும்.

1946–47 குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்து நிலக்கரிப் போக்குவரத்து முடங்கியது. 1946 டிசம்பர் 31 அன்று கொலோன் கர்தினால் ஃப்ரிங்ஸ் தம் பிரசங்கத்தில், உயிர் பிழைக்கத் தேவையானதை வேறு வழியில் பெற முடியாதவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் பேசினார். அதற்குப் பிறகு கரி ரயிலில் ஏறித் திருடுவதற்கே ‘ஃப்ரிங்ஸன்’ என்று ஒரு வினைச்சொல் பிறந்துவிட்டது. ரயிலேறியவர்களில் பிள்ளைகள் நிறைய.

அந்தப் பசிக்காலத்தில் வீட்டிலேயே பாகு காய்ச்சிய சர்க்கரை பீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் சர்க்கரைவள்ளியோ சிவப்பு பீட்ரூட்டோ அல்ல. வெள்ளையாக, முள்ளங்கியைப் பருக்க வைத்ததுபோல் இருக்கும். பாகு காய்ச்சும் விதம் இது. மண் போகத் தேய்த்துக் கழுவி, தலைப்பகுதியைச் சீவி, சிறு துண்டாக நறுக்கி, துணி வேகவைக்கும் செப்புக் கொப்பரையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சில மணி நேரம் வேகவைப்பார்கள். துணியில் கட்டிப் பிழிந்து, சாற்றை மறுபடி கொப்பரையில் ஊற்றிக் கிளறிக்கொண்டே சுண்ட வைக்க வேண்டும். இரவு முழுக்கப் போகும். சரியாகக் கழுவாவிட்டால் மண்வாடை போகாது. கடைசி ஒரு மணி நேரத்தில் தீ கொஞ்சம் தூக்கினாலும் அடி பிடித்து மொத்தமும் கசந்துவிடும். முன்னதாக இறக்கினால் சில வாரத்தில் பூசணம். பத்துக் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ பாகு தேறினாலே அதிகம். அதற்கு எரித்த கரி எங்கிருந்து வந்தது என்பது கர்தினாலுக்கே வெளிச்சம்.

1948 ஜூன் 20 அன்று மேற்கு மண்டலங்களில் பழைய பணத்துக்குப் பதில் புதிய பணம் வந்தது. தலைக்கு 40 புதிய மார்க் கையில், பிறகு இன்னும் 20. மறுநாளே கடைகளில் சரக்கு நிறைந்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பதுக்கியவனிடம் சரக்கு இருந்தது, வீடு வைத்திருந்தவனிடம் வீடு இருந்தது. கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு அங்கே வந்து சேர்ந்த பல லட்சம் ஜெர்மானியரிடம் அந்த 40 மார்க்தான். கப்பலேறும் யோசனை பல வீடுகளில் இங்கேதான் தொடங்குகிறது.

கனடாவுக்குப் போனவர் என்றால் எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள். ஜெர்மன் குடியுரிமை உள்ளவர்கள் 1950 செப்டம்பர் வரை ‘எதிரி நாட்டவர்’. பொதுவாகக் கதவு மூடியே இருந்தது. ஆகவே 1948இலோ 1949இலோ வந்திருந்தால், பெரும்பாலும் ருமேனியா, யுகோஸ்லாவியா, உக்ரைன் பக்கத்து ஜெர்மன் வம்சாவளியாக இருப்பார். தேவாலய அமைப்புகள் சேர்ந்து ஏற்பாடு செய்த பீவர்ப்ரே கப்பலில் பிரெமனிலிருந்து வந்திருக்கக்கூடும். ‘வாஸ்கரான்’ என்ற ஜெர்மன் கப்பலைத்தான் கனடா போர் இழப்பீடாக எடுத்து, பீவர்ப்ரே என்று பெயர் மாற்றி ஓட்டியது. 1954 வரை ஓடி, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஏறுவதற்கு முன் இரண்டு சோதனைகளுக்கு எல்லோரும் பயந்தார்கள். ஒன்று மார்பு எக்ஸ்ரே. பசியும் நெரிசலும் காசநோயை எங்கும் பரப்பியிருந்தன. ஒரு பிள்ளையின் நுரையீரலில் நிழல் தெரிந்தால் குடும்பம் முழுதும் காத்திருக்க வேண்டும், அல்லது பிரிய வேண்டும். இன்னொன்று ஆண்களுக்கு. இடது கையைத் தூக்கச் சொல்லி, ஹிட்லரின் எஸ்.எஸ். படையினர் குத்திக்கொண்ட ரத்தவகைப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘தாத்தா ஏன் தாமதமாக வந்தார்’ என்ற கேள்விக்குச் சில குடும்பங்களில் பதில் இந்த இரண்டில் ஒன்று. எது என்று கேட்கத் துணிய வேண்டும்.

இறங்கியவர்களில் பலரை ரயிலேற்றித் தெற்கு ஆல்பர்ட்டாவுக்கும் மனிடோபாவுக்கும் அனுப்பினார்கள். வேலை என்ன? அதே சர்க்கரை பீட். கூலி ஏக்கர் கணக்கில். எத்தனை கை இருக்கிறதோ அத்தனை ஏக்கர். அதனால்தான் பிள்ளைகள் நிறைந்த குடும்பத்தைப் பண்ணையார்கள் விரும்பினார்கள். ஒரு விதைக்கொத்தில் பல முளை வரும். ஜூன் மாதத்தில் குட்டைக் களைக்கொட்டோடு குனிந்தபடியே போய், ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒரு செடி விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். இரண்டு முளை ஒட்டி நின்றுவிட்டால் இரண்டுமே பருக்காது. அதைக் கொட்டால் பிரிக்க முடியாது, விரலால்தான் கிள்ள வேண்டும். அந்த வேலை சின்ன விரல்களுக்கு. இலையுதிர் காலத்தில் நுனியில் கொக்கி வைத்த கத்தியால் கிழங்கைக் குத்தித் தூக்கி, இடது கையில் பிடித்து, ஒரே வெட்டில் தலையைச் சீவுவார்கள். பனி விழுந்து விரல் மரத்த காலையில் வெட்டு தவறும். அறுவடை முடிந்த பிறகுதான் அந்தப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிக்கூடம் திறந்தது.