லேயர் வெட்டப் போகும் தங்கச்சிமாருக்கு

வட்ட முகத்துக்கு இந்த கட், சதுர முகத்துக்கு அந்த கட் என்று அட்டவணை போடும் வீடியோக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொழும்பில் இருக்கும் ஒருத்தி முகத்தைச் சுற்றி லேயர் வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டால், முகம் வட்டமா நீளமா என்பது மூன்றாவதோ நான்காவதோ கேள்விதான். வேலைநாளில் விடியற்காலை அவசரத்தில் தலையை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பது முதல் கேள்வி. காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தத் தலை என்ன கோலத்தில் இருக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் சலூன் கதிரையில் போய் உட்காராதீர்கள்.

இந்த வெட்டு நம்மவர்களிடம் இவ்வளவு பரவியதற்குக் காரணம் எளிது. பின்பக்க நீளம் அப்படியே இருக்கும். உச்சியில் ஒரு முனை, காதுகளுக்கு முன்னால் இரண்டு முனை என்று முக்கோணமாக முன்மயிரை மட்டும் பிரித்தெடுத்து, முகத்தின் பக்கம் குட்டையாகவும் கீழே போகப் போக நீளமாகவும் சரித்து வெட்டுவார்கள். பின்னால் இருந்து பார்க்கும் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் வந்து நின்றால்தான் வெளிச்சம். நீளத்தில் கை வைக்காமல் ஒரு மாற்றம் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பெயர்களைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். நம் அக்காமார் காலத்தில் ஸ்டெப் கட் என்றார்கள். இப்போது பட்டர்ஃபிளை, வுல்ஃப், கேர்ட்டன் பாங்ஸ் என்று ஆறு மாதத்துக்கு ஒரு பெயர் வருகிறது. நெற்றியில் இரண்டு பக்கமும் திரைச்சீலை போல் விலகி விழும் அந்த முன்மயிரை 1960களிலேயே பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ வைத்திருந்தார். புதிதாக ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தால் இரண்டே விஷயம்தான் மாறுகிறது: மிகக் குட்டையான மயிர் எந்த இடத்தில் முடிகிறது, முன்னுக்கு எவ்வளவு மயிரை எடுத்திருக்கிறார்கள்.

அந்த முடிகிற இடம்தான் எல்லாமே. பார்க்கிறவரின் கண் நேரே அங்கேதான் போகும். கன்ன எலும்பில் முடிந்தால் கண்ணும் கன்னமும் எடுப்பாகத் தெரியும். உதட்டு மட்டத்தில் முடிந்தால் வாய். நாடியில் முடிந்தால் தாடை. உங்கள் தாடை உங்களுக்குப் பிடிக்கும் என்றால் தாராளமாக நாடியோடு நிறுத்துங்கள். பிடிக்காது என்றால் அதற்கு இரண்டு அங்குலம் கீழே இறக்குங்கள். முகம் வட்டமா என்று கேட்பதைவிட, உங்கள் முகத்தில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்கிற சலூன்காரிதான் என் கணக்கில் கெட்டிக்காரி. அப்படிக் கேட்பவர்கள் குறைவு என்பது வேறு கதை.

அட்டவணைக்காரர்களிடம் எனக்கு இருக்கும் கோபமும் இங்கேதான். நீள்வட்ட முகம்தான் சரியான முகம், மற்றதையெல்லாம் மயிரால் மறைத்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை. யார் சொன்னது? பெண்ணின் முகத்தை முழுநிலவு என்று பாடிப் பாடி வளர்ந்த மொழி நம்முடையது. நிலவு நீள்வட்டமா? அம்மம்மா பேத்தியின் வட்டக் கன்னத்தைக் கிள்ளி வடிவென்று கொஞ்சுவார். அதே பேத்தி பதினெட்டு வயதில் ஃபோனைப் பார்த்துவிட்டுக் கன்னத்தை இரண்டு பக்கமும் மயிரால் மூடிக்கொண்டு திரிகிறாள். மூடினால் மெலிந்து தெரியும் என்பதும் பாதிதான் உண்மை. கன்னத்தோடு ஒட்டி நேராகத் தொங்கும் மயிர் முகத்தை ஒடுக்கிக் காட்டும், சரி. ஆனால் அது நம் ஊர்க் காற்றில் ஒரு மணி நேரத்தில் ஊதி, கன்னத்தின் அகலத்துக்கே இன்னும் அகலம் சேர்த்துவிடும்.

காற்றைப் பற்றிக் கதைக்காமல் கொழும்பில் தலைமயிரைப் பற்றிக் கதைக்க முடியாது. இங்கே பெரும்பாலான நாட்களில் காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் கடல் பக்கத்திலேயே. மரைன் டிரைவில் பத்து நிமிடம் நடந்தாலே தலை பிசுபிசுக்கும். ட்ரையரும் பிரஷ்ஷும் போட்டு மயிரை நேராக்கும்போது உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் கலைந்து, அந்த நேரான நிலையிலேயே மறுபடி இறுகுகின்றன. ஈரம் பட்டதும் அவை திரும்பக் கலைந்துவிடும். மயிர் தன் சொந்தச் சுருளுக்கே போய்விடும். நம்மில் பலருக்கு இருப்பது முழுச் சுருளும் இல்லாத, நேரும் இல்லாத அலைமயிர். ஈரமாக இருக்கும்போது நீண்டு தொங்கும், காய்ந்தால் ஒரு அங்குலமோ அதற்கு மேலோ ஏறும். பின்பக்கத்தில் ஒரு அங்குலம் ஏறினால் யாரும் கவனிக்கப் போவதில்லை. கன்னத்தில் ஏறினால் வெட்டே வேறு வெட்டாகிவிடும்.

சலூன்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலையைக் கழுவுகிறார்கள், ஈரத்தோடு வெட்டுகிறார்கள், உருண்டைப் பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றிக் காயவைக்கிறார்கள், ஒரு போட்டோ எடுக்கிறார்கள். நீங்கள் நடிகை மாதிரி வெளியே வருகிறீர்கள். அடுத்த முறை வீட்டில் முழுகிக் காயவிடும்போதுதான் உண்மையான வெட்டு கண்ணாடியில் தெரிகிறது. இதில் ஏமாற்று என்று ஒன்றுமில்லை, அவர்கள் தொழில் அப்படி. ஆனால் நீங்கள் வாங்கியது வெட்டையா, அன்றைய புளோ ட்ரையையா என்று யோசிக்க வேண்டும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ட்ரையர் இல்லாமல் நிற்கிற வெட்டு யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்று அலுவலகங்களில் பளிச்சென்று தெரிந்தது.

அதனால் என் கட்சி இதுதான். முதல் நாளே வீட்டில் முழுகி, ஸ்ட்ரெய்ட்னர் படாமல், வழக்கமாக எப்படிக் காயுமோ அப்படிக் காய்ந்த தலையோடு போங்கள். எண்ணெய் வேண்டாம், எண்ணெய் மயிரைப் படியவைத்துப் பொய் சொல்லும். முன்பகுதியைக் காய்ந்த மயிரிலேயே வெட்டச் சொல்லிக் கேளுங்கள். ஈரத்தில்தான் வெட்டுவேன் என்றால், நீங்கள் நினைத்த இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு பிரஷ் போடாமல் காயவைத்து, அது எங்கே ஏறி நிற்கிறது என்று பார்த்துத் திருத்தட்டும். முகத்தைச் சுழித்தால் சுழிக்கட்டும், காசு நீங்கள்தான் கொடுக்கப் போகிறீர்கள்.

பல்லுப் பல்லாக இருக்கும் கத்தரிக்கோலை எடுத்தால் உடனே கையைக் காட்டி நிறுத்துங்கள். மயிர் அடர்த்தி, கொஞ்சம் குறைக்கிறேன் என்று அன்பாகத்தான் சொல்வார்கள். நேரான, பாரமான மயிருக்கு அது பொருந்தும். அலைமயிருக்குள் அது குட்டிக் குட்டி மயிர்களை உருவாக்கிவிடும். அந்தக் குட்டிகள் ஈரக் காற்றில் எழுந்து நின்று மேலே இருக்கும் நீள மயிரையும் தள்ளும். குறைக்கப் போய்க் கூடிவிடும். பிளேடால் சீவுவதும் அப்படித்தான், நுனி பிசிறு பிசிறாகிப் போகும். சாதாரணக் கத்தரிக்கோலால் நுனியை மட்டும் மேல்நோக்கிக் கொத்திக் கொத்தி வெட்டினாலே போதும், கோடு தெரியாமல் கலந்துவிடும்.

இனி, எல்லோரும் பேசாமல் விடும் ஒரு விஷயம். நம்மில் எத்தனை பேருக்கு நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் மயிர் அடர்த்தியாக இருக்கிறது? பள்ளிக்கூடக் காலம் முழுக்க எண்ணெய் தடவி, நேர் உச்சி பிரித்து, இரட்டைப் பின்னலை இழுத்து மடித்துக் கட்டி அனுப்பினார்கள். ஒரு மயிர் வெளியே தெரிந்தால் வாசலிலேயே மாணவத் தலைவி பிடிப்பாள். வருடக்கணக்காக அப்படி ஒரே இடத்தில் இழுபட்டால் வேர் பலவீனமாகும், ஓரத்து மயிர் உதிரும். இது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அம்மாமாரைக் குறை சொல்லவில்லை, பள்ளிக்கூட விதி அது. ஆனால் முகத்தைச் சுற்றிய லேயருக்கு மூலதனமே இந்த ஓரத்து மயிர்தான். அது ஐதாக இருக்கும் ஒருத்திக்குக் கன்ன மட்டத்தில் வெட்டிவிட்டால், இரண்டு பக்கமும் நாலு மயிர் தொங்கும். வெட்டின மாதிரியும் இருக்காது, விட்ட மாதிரியும் இருக்காது.

அப்படிப்பட்டவர்கள் ஆசையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முக்கோணத்தின் முனையை உச்சியில் இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, அடர்த்தியான இடத்திலிருந்து மயிரை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லலாம். குட்டை நுனி காறை எலும்புக்குக் கிட்ட இருக்கட்டும். நேர் உச்சியை விட்டுக் கன்ன உச்சி எடுத்தாலே முன்பக்கம் பாதி நிறைந்துவிடும். ஒரே கோட்டில் பல வருடம் உச்சி பிரித்தவர்களுக்கு மயிர் முதலில் அடம்பிடிக்கும், முழுகிய ஈரத்திலேயே புது உச்சியைப் பிரித்துக் காயவிட்டுப் பழக்க வேண்டும்.

அடுத்தது கட்டுகிற கதை. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள், கத்தரிக்கோல் தேவையில்லை. நெற்றிக்குப் பக்கத்தில் ஒரு பிடி மயிரை எடுத்து, எங்கே வெட்ட நினைக்கிறீர்களோ அந்த இடத்தில் விரலால் பிடியுங்கள். பிடித்த விரலோடு அப்படியே பின்னால் கொண்டுபோங்கள். நீங்கள் வழக்கமாக பாண்ட் போடும் இடத்துக்கு அது எட்டுகிறதா? பிடரியில் கட்டுகிறவர்களுக்கு நாடி மட்டத்து மயிர் பொதுவாக எட்டாது, காறை எலும்பு மட்டம் எட்டும். எட்டாத மயிர் நாள் முழுக்க முகத்தில் விழுந்துகொண்டே இருக்கும். சமைக்கும்போது, வெயிலில் வியர்க்கும்போது, பிள்ளையைத் தூக்கும்போது. அதை ரசித்து வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் கிளிப் தேடிக் களைக்கிற ரகம், எனக்குக் காறை எலும்புக்கு மேலே ஒன்றும் வேண்டாம். வெட்டிவிட்டு மனம் மாறினால் பொறுமைதான் வழி. தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம்தான் வளரும். நாடியிலிருந்து காறை எலும்புக்கு வர எட்டு, பத்து மாதம் ஆகலாம்.

கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடுதான் கதிரையில் உட்கார வேண்டும். வெட்டும்போது கழற்றினாலும் முதலில் போட்டுக் காட்டுங்கள். கன்ன எலும்பில் முடியும் மயிர் பிரேமில் முட்டி வெளியே வளையும். ஸ்கூட்டி ஓடுகிறவர்களுக்கு ஹெல்மெட், அதற்குக் கீழே நீட்டிக்கொண்டு நிற்கிற நீளம்தான் நல்லது. ரீபொண்டிங் செய்து, அதாவது மருந்து போட்டு மயிரை நிரந்தரமாக நேராக்கி, வேர்ப்பக்கம் புது மயிர் வளர்ந்துவிட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள், குட்டையாக வெட்டினால் மேலே அலை, கீழே கம்பி என்று இரண்டும் முகத்துக்குப் பக்கத்திலேயே பல்லிளிக்கும்.

கதிரையில் உட்கார்ந்த பிறகு ஃபோனைப் பார்க்காதீர்கள், காலுக்கு மேல் கால் போடாதீர்கள். தோள் ஒரு பக்கம் சரிந்தால் இரண்டு பக்க நீளமும் ஒன்றாக வராது. அப்புறம், கொஞ்சம் வெட்டுங்கள் என்று தமிழில் சொன்னாலும் சிங்களத்தில் சொன்னாலும் அது ஒரு அளவே இல்லை. உங்கள் முகத்திலேயே விரலை வைத்து இதற்கு மேல் வரக் கூடாது என்று காட்டுங்கள். போட்டோ கொண்டுபோவதென்றால் உங்களுடையதைப் போன்ற மயிருள்ள ஒருத்தியின் போட்டோவாக இருக்கட்டும். கொரிய நடிகையின் நேர்மயிரைக் காட்டிவிட்டு அந்தச் சலூன் பிள்ளையைத் திட்டுவது பாவம்.

அன்ரிமார் ஏதாவது சொல்வார்கள். எலி கடித்த மாதிரி இருக்கு என்பார்கள். கோயிலில், பிறந்தநாள் வீட்டில், லிஃப்டில். அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. சேலை உடுத்துப் பின்னல் போட்டால் இந்த முன்மயிர் தொல்லை என்று அம்மா சொல்வதில் மட்டும் நியாயம் இருக்கிறது. காறை எலும்பு நீளமென்றால் பின்னலுக்குள் போய்விடும், அதைவிடக் குட்டையென்றால் நெற்றியோரம் முறுக்கி கிளிப் குத்தி அதற்கு மேல் பூவை வைக்க வேண்டியதுதான்.

தையில் கலியாணம் வைத்திருப்பவர்கள் இன்பொக்ஸில் கேட்டிருந்தீர்கள். கலியாணத்துக்கு முதல் வாரம் புதிதாக ஒன்றையும் செய்யாதீர்கள். வெட்டுவதென்றால் கார்த்திகைக்குள் வெட்டிவிடுங்கள். மார்கழியில் எப்படியும் கலியாணம் இல்லை, மயிர் அரை அங்குலம் இறங்கி முகத்தோடு பழகிவிடும். அலங்காரம் செய்பவரிடம் வெட்டிய தலையோடு ஒருமுறை போய் உட்கார்ந்து பார்க்கவும் நேரம் கிடைக்கும். நெற்றிச்சுட்டி வைப்பதாக இருந்தால் அன்றைக்கே அதையும் கையோடு கொண்டுபோங்கள்.